கொப்பி எடுக்கலாமா, அக்கா? டொரண்ட், பகிர்வு, பதிப்புரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் போட்டோக்கொப்பி மிசின் இரண்டு, கணினி மூன்று வைத்து ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். ஏ/எல் பிள்ளைகள், கல்யாண வீட்டு வீடியோ எடுக்கிற பெடியள், வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் என்று நாளுக்குப் பத்துப் பேராவது இறக்குவது, ஏற்றுவது, கொப்பி எடுப்பது பற்றி ஏதாவது கேட்பார்கள். கடையில் சனம் நிற்கும்போது அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தில் உள்ளதைச் சட்டம் என்றும், என் மனதில் பட்டதை என் கருத்து என்றும் பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

டொரண்ட் மென்பொருளைக் கணினியில் வைத்திருந்தாலே குற்றமா?

இல்லை. பெரிய கோப்பு ஒன்றைப் பலருக்குக் கொண்டு சேர்க்கும் வழி அது. 2001இல் பிராம் கோகன் என்ற அமெரிக்க நிரலாளர் உருவாக்கினார். உள்ளே இருப்பது யாருடைய சொத்து என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் உபுண்டு இயங்குதளத்தை இறக்க வந்தார். பெரிய கோப்பு. பிரவுசரில் இறக்கினால் பாதியில் லைன் அறுந்து முதலிலிருந்து தொடங்கவும் வேண்டி வரும். உபுண்டுவை வெளியிடுகிறவர்களே டொரண்ட் கோப்பும் தருகிறார்கள், அதைப் போட்டோம். அன்றைக்கு மூன்று தடவை கரண்ட் போனது. மூன்று தடவையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பின்னேரம் முடிந்துவிட்டது. எழுத்து வேலைக்கான லிப்ரே ஒபிஸையும் இப்படி இறக்கலாம். செயலி வேண்டுமென்றால் கியூபிட்டொரண்ட் போதும்: இலவசம், திறந்த மூலம், விளம்பரத் தொல்லை இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது?

இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் வகுப்பு ஒரு பாலை மரத்தின் கீழ் நடந்தது. நாங்கள் நாற்பது பேர், விஞ்ஞானப் புத்தகம் ஒன்றே ஒன்று. ரீச்சர் அதன் தையலைப் பிரித்து, தாள் தாளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். உன் தாளை எழுதி முடித்துவிட்டால் பக்கத்தில் இருப்பவளிடம் கொடு, அவளுடையதை நீ வாங்கு. யாரிடம் எந்தத் தாள் நிற்கிறது என்று வகுப்புத் தலைவி ஒரு மட்டையில் குறித்துக்கொண்டே வருவாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ரீச்சர் வரிகளின் எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதியிருந்தார்; எங்கள் கொப்பியில் வரி குறைந்தால் அந்தத் தாளைத் திரும்ப எழுத வேண்டும். எல்லாத் தாளையும் முதலில் முடித்த பிள்ளை எழும்பிப் போய்விடக் கூடாது, மிச்சப் பேர் முடிக்கும்வரை அங்கேயே இருந்து கொடுக்க வேண்டும்.

டொரண்டும் இப்படித்தான். கோப்பைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து வைக்கும். யாரிடம் எந்தத் துண்டு என்று சொல்லும் மட்டைக்கு டிராக்கர் என்று பெயர். டொரண்ட் கோப்பு இல்லாமல் ஓர் இணைப்பை மட்டும் அழுத்தித் தொடங்குவதை மக்னட் இணைப்பு என்பார்கள்; அதில் அப்படி ஒரு மட்டை இல்லாமலும், பங்குபற்றும் கணினிகளே ஒன்றையொன்று விசாரித்துக் கண்டுபிடிக்கும். பென்சில் எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் என்ற சரிபார்ப்புக் குறியீடு இருக்கும். அது பொருந்தாத துண்டை மென்பொருள் எறிந்துவிட்டுத் திரும்ப எடுக்கும். முழுதும் கிடைத்த பிறகும் மற்றவர்களுக்காக இருந்து கொடுப்பவரை சீடர் என்பார்கள்.

இதில் முக்கியமானது ஒன்று உண்டு. நீங்கள் தாளை வாங்கும்போதே உங்கள் தாளையும் கொடுக்கிறீர்கள். அதாவது டொரண்டில் இறக்குகிறவர் இறக்குகிறவர் மட்டும் அல்ல, அதே நேரம் விநியோகிப்பவரும்தான். உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்குரிய எண், அந்தக் கோப்பைப் பகிரும் மற்றவர்களுக்குத் தெரியும். போன் டேட்டாவில் போட்டால் ஏற்றுவதற்கும் டேட்டா கழியும். மாதம் முடிய முதல் பக்கேஜ் முடிந்துவிட்டது என்று வருகிற பல பிள்ளைகளுக்கு நடந்தது இதுதான். செட்டிங்கில் ஏற்றும் வேகத்துக்கு வரம்பு போட்டு வையுங்கள்.

எங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் இதற்கு உரியது. பதிப்புரிமை கிடைக்க எங்கேயும் பதியத் தேவையில்லை, எழுதியவுடன், பாடிப் பதிந்தவுடன் வந்துவிடும். படைத்தவர் வாழும் காலமும், அவர் இறந்து 70 ஆண்டுகளும் அது நிற்கும். சட்டப்படி கைக்கு வந்த ஒரு பிரதியிலிருந்து, சொந்தப் பாவனைக்கு மட்டும், ஒரு நகல் எடுக்க இடம் இருக்கிறது. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கு நியாயமான பயன்பாடு என்று இன்னொரு வாசலும் உண்டு. அந்த வாசல் ஒரு முழுப் படத்தையோ முழுப் புத்தகத்தையோ ஊருக்கெல்லாம் ஏற்றிவிடத் திறந்தது அல்ல.

தெரிந்தே மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இரண்டாம் தடவை அது இரட்டிப்பாகலாம். திருட்டுப் பிரதி என்று தெரிந்து விற்பவரும் இதற்குள் வருவார். கடைக்காரர்கள் இதை நன்றாக மனதில் வைத்திருக்க வேண்டும்.

படம் இறக்கினதுக்கு இங்கே ஒருத்தரையும் பிடிக்கவில்லையே?

நானும் கண்டதில்லை. ஆனால் பிடிபடுவோமா என்பது ஒரு கேள்வி, செய்யலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் கீழே எழுதுகிறேன்.

இந்தப் பிரச்சினை எப்போது தொடங்கியது?

1999இல் நாப்ஸ்டர் வந்தது. ஒருவருடைய கணினியில் இருக்கும் பாட்டை இன்னொருவர் நேரே எடுக்க அது வழி செய்தது. அந்த நாட்களில் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோ கேட்டோம்.

இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டு 2001 ஜூலையில் நாப்ஸ்டரை நிறுத்தின. நடுவில் ஒரு சேர்வர் இருந்ததால் நிறுத்த முடிந்தது. பிறகு வந்தவை அந்த நடு ஆளையே இல்லாமல் செய்துவிட்டன. 2005இல், கோப்புப் பகிரும் மென்பொருளான குரொக்ஸ்டர் மீதான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: ஒரு மென்பொருளை உரிமை மீறலைத் தூண்டும் நோக்கோடு பரப்பினால், பாவிப்பவர்கள் செய்யும் மீறலுக்குப் பரப்பியவரும் பொறுப்பு. 2009 ஏப்ரலில் சுவீடனில், டொரண்ட் தேடும் பைரேட் பே தளத்தோடு தொடர்புடைய நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தார்கள். அந்த ஏப்ரலில் நாங்கள் மாத்தளன் மணலிலும் முள்ளிவாய்க்கால் பங்கருக்குள்ளும் இருந்தோம். 2010இல் லைம்வயர் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் மூடப்பட்டபோது, முகாமிலிருந்து திரும்பித் தறப்பாள் கொட்டில் போட்டுக்கொண்டிருந்தோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியில் பத்து வருடத்துக்கு மேலாக நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் சாப்பாட்டு மேசையிலும் வாதாடிப் பழகிய விஷயம் இது. எங்களுக்குக் கரண்டும் இணையமும் ஸ்மார்ட்போனும் சில வருடங்களுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன, அந்த வாதம் மட்டும் வரவில்லை. பிள்ளைகள் களவெடுக்கிறார்கள் என்று ஏசுகிற பெரியவர்களிடம் நான் கேட்பது, யார் அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது என்பதைத்தான்.

கொப்பி எடுப்பதே பிழை என்றால், எங்கள் பழைய படங்களும் புத்தகங்களும் எப்படித் தப்பும்?

கொப்பி எடுப்பதே பிழை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வன்னியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

ஓர் அம்மா கடைக்கு வந்து போனை நீட்டினார். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி வட்ஸ்அப்பில் அனுப்பிய படம். 2003இல், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், தன் கல்யாணப் படத்தின் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தாராம். தங்கச்சி அதை ஆல்பத்தில் வைத்தபடியே போனால் எடுத்திருக்கிறார்; பிளாஷ் வெளிச்சம் மாப்பிள்ளையின் தோளில் வெள்ளைப் பொட்டாக விழுந்திருந்தது. ஏ4 அளவில் அடித்துக் கொடுத்தேன். அவர் அந்த வெள்ளைப் பொட்டை முந்தானையால் துடைத்துப் பார்த்தார். போகாது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை துடைத்தார். படம் எடுத்த ஸ்டூடியோ இல்லை, நெகட்டிவ் இல்லை, வீட்டில் இருந்த ஆல்பம் இல்லை, தோளில் பொட்டு விழுந்த அந்த மனிதரும் இல்லை. யாரோ எப்போதோ எடுத்த ஒரு நகல்தான் மிச்சம்.

புத்தகத்துக்கும் இதே கதைதான். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அதில் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து யாரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. எழுதியவர்களிடமும் வெளியிட்டவர்களிடமும் அனுமதி கேட்டுச் செய்கிறார்கள். இந்தக் கேட்கிற வேலைதான் கொப்பி எடுப்பதைக் களவிலிருந்து பிரிக்கிறது என்று நினைக்கிறேன். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் பழந்தமிழ் இலக்கியம் பெருமளவு கிடைக்கும். ஆறுமுக நாவலர் 1879இல் காலமானார், சி. வை. தாமோதரம்பிள்ளை 1901இல், பாரதியார் 1921இல். இவர்களுடைய எழுத்தை யாரும் யாரையும் கேட்காமல் அச்சிடலாம், ஏற்றலாம், பாடலாம்.

உரிமையாளர் யார் என்றே தெரியாத பழைய கசற், பழைய வீடியோ கிடைத்தால் நான் கடைப்பிடிக்கும் வழி (இது சட்டம் அல்ல, என் கருத்து): முதலில் உண்மையாகத் தேடுங்கள், ஊரில் நாலு பேரையாவது கேளுங்கள். தெரிந்த பெயர்களை எல்லாம் போடுங்கள். அதை வைத்துக் காசு பார்க்காதீர்கள். உரியவர் வந்து எடுக்கச் சொன்னால் அன்றைக்கே எடுங்கள்.

சேரின் ரியூசன் நோட்ஸ் பிடிஎப் ஆக டெலிகிராமில் வருகிறது. எடுக்கலாமா?

எனக்கு மிகவும் கிட்டத்தில் நடந்தது இது. இரசாயனவியல் படிப்பிக்கும் ஒரு சேர், சேதன இரசாயனம் முழுவதையும் கையால் எழுதிக்கொண்டு வந்தார். பென்சீன் வளையம் ஒவ்வொன்றையும் அடிமட்டம் வைத்துக் கீறியிருந்தார். நாற்பது பிரதி அடித்தேன். அடித்த செலவுக்கு மேல் இருநூறு ரூபாய் வைத்துத்தான் விற்பார். மண்டப வாடகையும் அவருடைய பெற்றோல் காசும் அதற்குள்தான்.

மூன்றாம் நாள் ஒரு பையன் வந்து, "அக்கா, இந்த பிடிஎப்பை அடிச்சுத் தாங்கோ" என்று போனைக் காட்டினான். திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் வலது ஓரத்திலும் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. என் மிசினில் விழுகிற கோடு அது. நான் அடித்த பிரதியை யாரோ ஸ்கான் செய்து ஏற்றியிருக்கிறார்கள், சேரின் பெயர் இருந்த முதல் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு.

பையனை ஏச மனம் வரவில்லை. தகப்பன் கூலி வேலை, மழைக்கு இரண்டு கிழமையாக வேலையில்லை என்றான். சேருக்குப் போன் எடுத்தேன். "என்னட்டை வந்து கேட்டிருந்தால் சும்மா குடுத்திருப்பனே, ஒரு கொப்பியைக் குடுத்து விடுங்கோ" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல் பக்கத்தை ஏன் எடுத்தவங்கள்?" என்று கேட்டார். காசு போனதைவிட அதுதான் அவருக்கு வலித்தது. இப்போது நாற்பது அடித்தால் ஐந்து என் கடையில் தனியாக இருக்கும். காசு இல்லாத பிள்ளை என்னிடம் மெதுவாகச் சொன்னால் போதும்.

ஆகவே பதில்: எடுக்க வேண்டாம், கேளுங்கள். அரச பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும், கடந்தகால வினாத்தாள்கள் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்திலும், மற்றப் பாடவளங்கள் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவிலும் இலவசமாக இருக்கின்றன. நாங்கள் களவில் தேடுகிற பாதிச் சாமான் அங்கேயே கிடக்கிறது.

பெரிய கொம்பனி எடுத்த படம்தானே, அவர்களுக்கு என்ன நட்டம்?

இறக்குகிற ஒவ்வொருவரும் டிக்கெட் எடுத்திருப்பார் என்பது பொய்க் கணக்கு, அதை ஒத்துக்கொள்கிறேன். பெரிய நிறுவனம் ஒரு மாணவனால் விழுந்துவிடாது. ஆனால் எங்கள் கை எது பெரியது, எது சின்னது என்று பார்த்து நிற்பதில்லை. ஊர்ப் பெடியள் ஒரு குறும்படம் எடுத்தார்கள். கமரா வாடகை, வானுக்கு டீசல், இருபது பேருக்கு மூன்று நாள் சோறு; ஒருவன் தங்கச்சியின் சங்கிலியை அடகு வைத்தான். யூடியூப்பில் போட்டு நாலு நாளில் பேஸ்புக் பக்கம் ஒன்று முழுப் படத்தையும் இறக்கித் தன் பெயரில் ஏற்றிவிட்டது. பார்த்தவர்களில் பெரும்பகுதி அங்கேதான் பார்த்தார்கள். யூடியூப்பில் வந்திருக்க வேண்டிய எண்ணிக்கை வரவில்லை, அதனால் விளம்பரக் காசும் வரவில்லை, அடுத்த படத்துக்கு உதவி கேட்டுக் காட்டவும் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தை நடத்தியவருக்கு இது கெட்ட வேலை என்று தோன்றியிருக்காது. பெரிய படங்களோடு பழகிய அதே கைதான்.

தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தை இறக்குவதை நான் செய்வதில்லை, செய்து கொடுப்பதும் இல்லை.

வாங்க ஆசைதான். வங்கிக் காட் இல்லை, காசும் இல்லை. அப்போது?

நேர்மையான கேள்வி. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்களும் விட்டுவிட்டார்கள். வெளிநாட்டு விலையை எங்கள் சம்பளத்தின்மேல் வைப்பது நியாயம் என்று நான் நினைக்கவில்லை, அதை நிறுவனங்களும் யோசிக்க வேண்டும். வசதி இல்லாத ஒருவர் எப்போதாவது ஒரு பழைய படத்தைத் தேடிப் பார்ப்பதையும், அதே படத்தை நூறு பேருக்கு விற்பதையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் வரவில்லை. சட்டம் இரண்டையும் அனுமதிக்கவில்லை என்பதும் உண்மை. முடிந்தவரை நூலகத்தில் எடுங்கள், விளம்பரத்தோடு இலவசமாக வருவதைப் பாருங்கள், யூடியூப்பில் உரியவரே போட்டிருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். பழைய படங்களில் பல அங்கே இருக்கின்றன.

கிராக் போட்ட (காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த) மென்பொருள்?

வேண்டாம். உரிமை பற்றிப் பேசுவதற்கு முன்னரே வேண்டாம். ‘ஸ்டாப்’ என்ற ரான்சம்வேர் வகை பெருமளவில் கிராக் கோப்புகளுக்குள் ஒளிந்துதான் பரவியது. உள்ளே வந்ததும் எல்லாக் கோப்பையும் பூட்டி, பெயரின் வாலை மாற்றிவிட்டுக் காசு கேட்கும். தெரிந்த ஸ்டூடியோக்காரத் தம்பி ஒருவர் எடிட்டிங் மென்பொருளுக்குக் கிராக் போட்டு, ஒரே இரவில் மூன்று கல்யாண வீட்டு வீடியோக்களை இழந்தார். மூன்று வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, படத்துக்கு ஜிம்ப் அல்லது கிரிட்டா, டிசைனுக்கு இங்க்ஸ்கேப், எழுத்து வேலைக்கு லிப்ரே ஒபிஸ். வந்தால் நானே போட்டுத் தருகிறேன். படம் என்று இறக்கிய கோப்பின் பெயர் ஈஎக்ஸ்ஈ (.exe) என்று முடிந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள்.

விபிஎன் போட்டால் சரிதானே?

விபிஎன், இடையில் இன்னொரு சேர்வர் வழியாக உங்களை இணையத்துக்குக் கொண்டுபோய், உங்கள் ஐபி முகவரியை மறைக்கும். அடுத்தவர் சொத்தை உங்கள் சொத்தாக்காது.

உங்கள் கடையில் மெமரி காட்டில் பாட்டு ஏற்றித் தருவீர்களா?

முந்தி ஏற்றிக் கொடுத்தேன். 2011, 2012இல் இங்கே இருந்த அநேகக் கடைகளில் அதுதான் வேலை. இப்போது இல்லை. காசு வாங்கிக்கொண்டு செய்தால் அது விற்பனை, என்னால் அதற்கு வேறு பெயர் வைக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணம், உங்கள் கோயில் திருவிழா, நீங்கள் பாடியது, உரியவர் பகிரலாம் என்று அனுமதித்தது எதுவானாலும் கொண்டுவாருங்கள்.

என் பாட்டை ஒருவர் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுவிட்டார். என்ன செய்யலாம்?

முதலில் அந்தப் பக்கத்தின் இணைப்பையும் ஸ்கிரீன்ஷொட்டையும் திகதி தெரியும்படி சேமியுங்கள். பிறகு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். பாதிப் பேர் அதிலேயே எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. உங்கள் பெயர், அசலின் இணைப்பு, மீறியதன் இணைப்பு கேட்பார்கள். யூடியூப்பில் 90 நாட்களுக்குள் மூன்று முறைப்பாடு நிலைத்தால் அந்தச் சனலையே மூடிவிடுவார்கள், ஆகவே பொய்யாக யார்மேலும் போடாதீர்கள்.

விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு இப்படி நடந்தது. என் கணினியில் இருந்து இரண்டு பேருமாகப் படிவத்தை நிரப்பினோம். பாட்டு அவருடையதுதான் என்று காட்ட அவர் கொண்டுவந்தது, பழைய போன் ஒன்றில் இருந்த முதல் ஒலிப்பதிவு: அவருடைய குரல், பின்னால் மழை, நடுவில் தாய் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம். அசல் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். போனை மாற்றும்போது அதை மட்டுமாவது இரண்டு இடத்தில் கொப்பி எடுத்து வையுங்கள்.